மாறி மாறி நிற்கலாம்

"தோத்தவங்களை ஏன்க்கா உடனே வீட்டுக்கு விட மாட்டேங்கிறாங்க?" என்று என் தங்கை ஒருமுறை கேட்டாள். நேரில் கேட்கவில்லை, கடிதத்தின் ஓரத்தில், பேசுவது போலவே எழுதிக் கேட்டிருந்தாள்.

காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள் நான். கேள்வி என்று ஒன்று வந்துவிட்டால் பதில் சொல்லாமல் இருப்புக்கொள்ளாது. ஓய்வு பெற்ற பிறகு காது மந்தமாகிவிட்டது. தொலைபேசியில் யார் பேசினாலும் தண்ணீருக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். அதனால் எனக்கும் அவளுக்கும் கடிதம்தான். ஒரு இரவு பஸ் பயணத் தூரத்தில் இருந்தாள். அறுபதை நெருங்கிவிட்டாள், எனக்கு இன்னும் குட்டி.

வாரம் ஒரு நாள் அவரவர் வீட்டில் உட்கார்ந்து 'இருவர் ஓட்டம்' பார்ப்போம். இரண்டிரண்டு பேராக ஊர் ஊராகப் போகும் தொலைக்காட்சிப் போட்டி அது. குறிப்புச் சீட்டைப் படித்து, பஸ்ஸோ ரயிலோ பிடித்து, சொன்ன வேலையை முடித்து, கடைசியில் ஒரு சிவப்புப் பாயில் வந்து நிற்க வேண்டும். கடைசியாக வருகிற ஜோடி வெளியே.

குட்டி என் வீட்டுக்கு வந்து அப்போது பல வருடம் ஆகியிருந்தது. ஒரே கூரையின் கீழ் அவளோடு கொஞ்ச நாள் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையில் நான் எழுதியவையும் அவள் பதில்களும் இவை.

*

ஜனவரி 12

அன்புள்ள குட்டிக்கு,

நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். முட்டிக்குக் கொடுத்தனுப்பிய தைலத்தைத் தேய்க்கிறாயா, அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா? எனக்கு உடம்பில் குறை ஒன்றும் இல்லை. காது மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது.

உன் கேள்விக்கு வருகிறேன். பரீட்சை அறையை நினைத்துக்கொள். ஒன்றும் படிக்காத பிள்ளை சீக்கிரமே பேனாவை மூடிவிடும். ஆனால் நான் வெளியே விட மாட்டேன். அது போனால் கேள்வித்தாளும் கூடவே போய்விடும். பந்தயத்திலும் அதேதான். தோற்ற ஜோடி மறுநாளே தங்கள் தெருவில் காய்கறி வாங்கிக்கொண்டு நின்றால் ஊருக்கெல்லாம் முடிவு தெரிந்துவிடும். அதனால் படப்பிடிப்பு முழுவதும் முடிகிற வரைக்கும் எங்கோ ஒரு வீட்டில் தங்க வைத்துவிடுகிறார்கள். தொலைபேசி கிடையாது, விருந்தாளி கிடையாது. வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் வரும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது, கவனித்தாயா? முதலில் தோற்பவர்களுக்குத்தான் நீண்ட விடுமுறை. நாம் இருவரும் போனால் முதல் வாரமே தோற்போம், அதில் சந்தேகமே வேண்டாம். அதற்குப் பிறகு நீயும் நானும் ஒரே அறையில். நாமே நினைத்தாலும் கிளம்ப முடியாது, விதி.

அடுத்த ஓட்டத்துக்கு வயதான ஜோடிகளும் வேண்டுமாம். விண்ணப்பிக்கட்டுமா?

பதிலை எதிர்பார்க்கும்
உன் அக்கா

*

ஜனவரி 25

அன்புள்ள அக்காவுக்கு,

நானும் நலம், முட்டியும் பரவாயில்லை. தைலத்தைத் தேய்க்கத்தான் செய்கிறேன். நான் தைத்துக் கொடுக்கும் துணியெல்லாம் அந்த வாடை அடிக்கிறது என்று கீழ் வீட்டு எலக்ட்ரீஷியன் கிண்டல் செய்கிறான்.

உன் கடிதத்தை அவனிடம் படித்துக் காட்டினேன். "டெய்லரம்மா, உங்க அக்காவுக்குக் காது கேக்காது. உங்களுக்கு முட்டி மடங்காது. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆள் தேறும். தாராளமா போங்க" என்றான். "ஏன்டா, நாங்க ஜெயிச்சா என்ன பண்ணுவே?" என்று கேட்டேன். "டிவிய வித்துருவேன்" என்கிறான்.

வேண்டுமானால் பெயர் கொடுத்துப் பார். நம்மையெல்லாம் யார் எடுக்கப் போகிறார்கள்?

போன வாரம் அந்த நர்ஸ் ஜோடிக்குத் தண்டனை கொடுத்தார்களே, நடந்து போக வேண்டிய தூரத்தை டாக்ஸியில் போனதற்காக, அதைப் பார்த்து எனக்கு மனசு என்னவோ போல ஆகிவிட்டது. பாய் கண்ணுக்கு எதிரே இருக்கிறது, ஏறக்கூடாது, ஓரமாக நிற்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் சிரித்துக்கொண்டே தாண்டிப் போகிறார்கள்.

இன்னொன்று கேட்க வேண்டும். ஜோடியில் ஒரு ஆள் வந்துவிட்டது, இன்னொரு ஆள் வரவில்லை என்றால், வந்த ஆள் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்?

அன்புடன்
குட்டி

*

பிப்ரவரி 3

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே நான் சுகம். வேளைக்குச் சாப்பிடு. ஊசியில் நூல் கோக்கும்போது விளக்கைப் போட்டுக்கொள்.

விண்ணப்பித்துவிட்டேன். கம்பெனியிலிருந்து விதிகளை அச்சடித்து அனுப்பியிருக்கிறார்கள். பாடப்புத்தகம் போல அடிக்கோடிட்டுப் படித்தேன். உனக்குத் தேவையானதை மட்டும் சொல்கிறேன்.

ஜோடி எப்போதும் இருபது அடிக்குள் இருக்க வேண்டும். விலகினால் தண்டனை. எனக்கு இது வசதி. அதற்கு மேல் போனால் நீ கத்தினாலும் எனக்குக் கேட்காது.

தண்டனை என்பது நிற்பது. உட்காரக்கூடாது. ஆனால் இருவரும் சேர்ந்தே நிற்க வேண்டும் என்பதில்லை. மாறி மாறி நிற்கலாம். ஒருவர் நிற்க மற்றவர் உட்கார்ந்து ஓய்வெடுக்கலாம். நல்ல விதி. எழுதியவருக்குக் கால் வலி தெரிந்திருக்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: ஒருவர் மட்டும் வந்தால் வந்ததாகவே கணக்கில்லை. இரண்டாவது ஆளும் பாயில் ஏற வேண்டும். எவ்வளவு நேரம் நிற்பது என்று போடவில்லை. ஆனால் யாரையும் அப்படியே விட்டுவிடுவதில்லை. ஆட்டம் முடிந்துவிட்டால் நடத்துகிறவர் அவர்கள் இருக்கும் இடத்தைத் தேடிப் போய், நேரில் சொல்கிறார்: முடிந்துவிட்டது, நீங்கள் கிளம்பலாம் என்று.

உன் படம் ஒன்று வேண்டுமாம். சிரித்த முகமாக அனுப்பு.

உன் அக்கா

*

மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாமதத்துக்குக் கோபிக்காதே. பள்ளிக்கூடச் சீருடைகள் மூட்டை மூட்டையாக வந்துவிட்டன. பிள்ளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் சொல்லி வைத்தாற்போல உயர்ந்துவிடுகிறார்கள். எல்லாக் கால்சட்டையையும் கீழே பிரித்துவிட வேண்டியிருக்கிறது.

படம் அனுப்பியிருக்கிறேன். சிரிக்கத்தான் பார்த்தேன்.

அவர் வந்ததும் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லைதான்.

காலம் தப்பி மழை விடாமல் பெய்கிறது. உன் வீட்டில் ஒழுகுகிறதா?

குட்டி

*

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'அவர்' என்பது அவள் கணவர். லாரி ஓட்டியவர். ஒரு தடவை லோடு ஏற்றிக்கொண்டு போனவர், சரக்கை ஒழுங்காக இறக்கி, லாரியை முதலாளியின் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, சாவியைக் கொடுத்துவிட்டு நடந்து போய்விட்டார். ஆறு வருடமாகிறது. தேடாத இடமில்லை. எங்கே, ஏன் என்று ஒரு தகவலும் இல்லை. அன்றிலிருந்து இந்தக் கடிதம் வரைக்கும் குட்டி ஒரு இரவு கூட அந்த வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே தங்கியதில்லை. நாங்கள் இதைப் பற்றி எழுதிக்கொண்டதும் இல்லை.

*

மார்ச் 11

அன்புள்ள குட்டிக்கு,

இங்கே எல்லாம் நலம், ஒழுகவில்லை. உன் படம் நன்றாக இருக்கிறது. கண் மட்டும் கதவுப் பக்கம் பார்க்கிறது.

நம்மைத் தேர்வுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். ஏப்ரல் முதல் சனிக்கிழமை. உனக்கும் எனக்கும் நடுவில் இருக்கிற ஊர். காலையில் ஏறினால் மத்தியானம் வந்துவிடலாம், ராத்திரிக்குள் வீடு திரும்பிவிடலாம். இதையும் விசாரித்துத்தான் எழுதுகிறேன்.

எடுத்துவிட்டால் என்ன செய்வது என்பதை அப்புறம் யோசிப்போம். முதலில் உன்னைப் பார்க்க வேண்டும். வருகிறேன் என்று ஒரு வரி போடு, போதும்.

உன் அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள குட்டிக்கு,

சௌக்கியமா? உன்னிடமிருந்து கடிதம் வராததால் உடம்புக்கு ஏதாவதோ என்று கவலையாக இருக்கிறது. இரண்டு வரி எழுது.

நான் போய்விட்டு வந்தேன். பெரிய கல்யாண மண்டபம் போல ஒரு கூடம். வாசலில் நிஜமாகவே சிவப்புப் பாய் விரித்திருந்தார்கள். தலையில் மைக் மாட்டிய ஒரு பெண், சின்னவள், என் காதருகே வந்து சத்தமாகக் கேட்டாள்.

"அம்மா, உங்க ஜோடி எங்க?"

"பஸ்ல வந்துட்டிருக்கா."

"ரெண்டு பேரும் பாயில நின்னாதான் டோக்கன் குடுப்பேன்."

"தெரியும்மா. உங்க விதியில மூணாம் பக்கம்."

"ஐயோ, நாங்களே அதைப் படிச்சதில்ல" என்று சிரித்தாள்.

நான் ஓரமாக நின்றேன். அண்ணன் தம்பி, அம்மா மகள், மாமனார் மருமகன் என்று ஜோடி ஜோடியாக ஏறிப் போனார்கள். ஒரு மாமியாரும் மருமகளும் சண்டை போட்டுக்கொண்டே இருபது அடிக்குள் போனது பார்க்க நன்றாக இருந்தது. பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்காலியை எல்லாம் அடுக்க ஆரம்பித்த பிறகு அந்தப் பெண் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "முடிஞ்சுதும்மா. நீங்க உக்காருங்க" என்றாள். ஒரு பிஸ்கட் பாக்கெட்டும் கொடுத்தாள். உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஊர் வந்து சேர்ந்தேன்.

உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. முட்டியைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஏப்ரல் 30

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலமாகத்தான் இருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை.

அன்றைக்குப் பையை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன், அக்கா. பச்சைச் சேலை கட்டியிருந்தேன். கதவைப் பூட்டினேன். மாடிப்படியில் பாதி இறங்கியதும் கால் நின்றுவிட்டது. எலக்ட்ரீஷியன் கீழே நின்று, "போங்க டெய்லரம்மா, நான் பாத்துக்கிறேன். யாராவது வந்தா நான் சொல்ல மாட்டேனா?" என்றான். நல்ல பையன்தான். ஆனால் அவன் வேலைக்குப் போகிறவன். அவர் வந்து பூட்டைப் பார்த்தால் தட்டக்கூட மாட்டார். தட்டிவிட்டு நிற்கிற சுபாவம் இல்லை அவருக்கு. திரும்பிப் போய்விடுவார்.

ஏறிப் போய்ப் பூட்டைத் திறந்து, சேலையை மாற்றிக்கொண்டு, ஒரு ஜிப் தைத்தேன். நீ அங்கே நிற்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் தைத்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரி படிக்கட்டில் எலி ஓடினாலும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். இதை உனக்கு எழுதியதே இல்லை.

அந்தப் பெண் வந்து முடிந்தது என்று சொன்னபோது உனக்கு எப்படி இருந்தது? மறைக்காமல் எழுது. என்னிடம் யாரும் வந்து அப்படிச் சொல்லவில்லை, அக்கா.

குட்டி

*

மே 6

அன்புள்ள குட்டிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல தடவை படித்தேன். நலமாக இரு.

கேட்டாயே, சொல்கிறேன். முதலில் அழுகை வந்தது. அடுத்த நிமிஷம், அப்பாடா, உட்காரலாம் என்று இருந்தது. இரண்டும் நிஜம்.

ஆனால் உன் விஷயத்தில் அதைச் சொல்கிற ஆள் நான் இல்லை. முடிந்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்த மாதிரி கரும்பலகையில் எழுதி எனக்குப் பழக்கமில்லை.

எனக்குத் தெரிந்தது விதிதான். மாறி மாறி நிற்கலாம். நீ உட்கார வேண்டுமென்றால் நான் நிற்க வேண்டும். இவ்வளவு நாளாக உன்னை வா, வா என்று கூப்பிட்டேனே தவிர, இது எனக்குத் தோன்றவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் உன் வாசலில் இறங்குகிறேன். வீட்டைப் பூட்ட வேண்டாம். நான் உள்ளே இருப்பேன். நீ என் வீட்டுக்குப் போ. சாவி என் பையில் இருக்கும். உனக்கு எவ்வளவு நாள் வேண்டுமோ அவ்வளவு நாள் இரு. அவர் வந்தால் உட்கார வைத்து, டீ போட்டுக் கொடுத்து, உனக்குத் தந்தி மாதிரி ஆளையே அனுப்புகிறேன்.

வேண்டாம் என்று எழுதாதே. அந்தக் கடிதம் வருவதற்குள் நான் கிளம்பியிருப்பேன்.

உன் அக்கா

*

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீ நலமா? தண்ணீர்க் குழாயை இடதுபக்கம் திருப்பினால்தான் நிற்கும், சொல்ல மறந்துவிட்டேன்.

ஒரே ஒரு ராத்திரிதான் சேர்ந்து இருந்தோம். அதிலும் பாதி நேரம் நான் உனக்கு எந்தச் சட்டை யாருடையது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். உன் முகத்தைச் சரியாகப் பார்க்கவே இல்லை என்று பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தோன்றியது.

உன் சின்ன அறையில் கட்டில் விரித்திருக்கிறது. கொக்கியில் புதுத் துண்டு. எதிர் வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "நீங்கதான் குட்டியா? டீச்சர் மாசாமாசம் அந்த விரிப்ப மாத்துவாங்க. யாருக்குன்னு கேட்டா, வருவா வருவாம்பாங்க" என்றார். இதை நீ எனக்கு ஒரு கடிதத்திலும் எழுதவில்லை.

அந்தக் கட்டிலில்தான் படுக்கிறேன்.

குட்டி

*

மே 29

அன்புள்ள குட்டிக்கு,

குழாயோடு சமாதானமாகிவிட்டேன். உடம்பு நன்றாக இருக்கிறது. நீ வேளைக்குத் தூங்கு.

இங்கே கதவைத் திறந்து வைத்து, வாசல்படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். காற்று நன்றாக வருகிறது. ராத்திரியும் கட்டிலைக் கதவோரம் இழுத்துப் போட்டுக்கொண்டேன். எலக்ட்ரீஷியன் பார்த்துவிட்டு, காதருகே வந்து, "என்ன டீச்சர், செக்போஸ்ட்டா?" என்றான். "ஆமா, நீ கால்சட்டைக்கு வந்தியா, வம்புக்கு வந்தியா?" என்று கேட்டேன். உன் வாடிக்கையாளர்களிடம் டெய்லரம்மா லீவில் இருக்கிறார் என்று சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இதுவரைக்கும் யாரும் வரவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எப்படி என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது. தெருவில் யாராவது இந்தப் பக்கம் திரும்பினாலே நெஞ்சு ஒரு அடி முன்னால் போகிறது. ஆறு வருடம் எப்படித் தாங்கினாய்?

அவசரமில்லை. இரு.

உன் அக்கா

*

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நிஜமாகவே நலம். இங்கே வந்து இரண்டு சுற்று பெருத்துவிட்டேன்.

நேற்று உனக்கு ஏதோ புத்தகப் பார்சல் வந்தது. கொண்டுவந்தவர் ஜன்னல் பக்கம் போய்க் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான் கதவைத் திறந்து, "ஏங்க, கதவத் தட்டக்கூடாதா?" என்றேன். "தட்டி என்னம்மா பிரயோஜனம்? டீச்சருக்கு எங்க கேக்கப் போவுது?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. உலகத்தில் இத்தனை பேர் இருக்க, கதவைத் தட்டினால் திறப்பதற்கு உன்னை உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறேன். சிரிப்பு தாங்கவில்லை. வாசலைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் பார்சலை வைத்துவிட்டு நகர்ந்துவிட்டார்.

அப்புறம் உள்ளே வந்து உட்கார்ந்து யோசித்தேன். பஸ்ஸில் ஏறியதிலிருந்து நேற்று வரைக்கும் எனக்கு இது ஒரு தடவை கூடத் தோன்றவில்லை, அக்கா. எலி ஓடினால் எழுந்து உட்கார்ந்தவள் நான். உன் சின்ன அறையில் விடிகிற வரைக்கும் தூங்கியிருக்கிறேன். உனக்கு முதல் நாளே தெரியும், இல்லையா? அதனால்தான் வாசல்படியில் நாற்காலி. காற்றாம் காற்று.

அவர் வருவாரா என்று எனக்குத் தெரியவில்லை. வந்தால் தட்டட்டும். கீழ் வீட்டில் ஆள் இருக்கிறது, கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். இதை எழுதிவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ஆனாலும் அழிக்கவில்லை.

சனிக்கிழமை 'இருவர் ஓட்டம்' புதிதாக ஆரம்பிக்கிறது. உன் டிவியில் பேச்செல்லாம் எழுத்தாக ஓடுகிறது, சத்தமே இல்லை. இந்தத் தடவை தனியாகப் பார்க்க மனசில்லை. நீ வந்து எழுத்தைப் படி, நான் பக்கத்தில் உட்கார்ந்து சத்தம் வைத்துக்கொள்கிறேன்.

கட்டிலை உள்ளே இழுத்துப் போடு. கதவைப் பூட்டு. சாவியை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்துவிட்டு வா.

உன்
குட்டி

*

அந்தச் சாவியைத் திருப்பும்போது எனக்கு மனசு பதறியது. இன்னொரு தடவை தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தேன். பிறகு பஸ் ஏறினேன். அவர் இன்னும் வரவில்லை. குட்டி தையல் மிஷினை இங்கே கொண்டுவரலாமா என்று யோசிக்கிறாள். சில நாள் கொண்டுவரலாம் என்கிறாள், சில நாள் வேண்டாம் என்கிறாள். அவள் யோசிக்கட்டும்.

உங்களுக்குத் தெரிந்த யாராவது ஒரு இடத்தை விட்டு நகர முடியாமல் இருந்தால், அவரை "வா" என்று கூப்பிடுவதற்கு முன், ஒரு நாள் அவருடைய நாற்காலியில் அவருக்குப் பதிலாக நீங்கள் உட்கார்ந்து பாருங்கள்.